நாற்பது ரூபாய்த் தகரத்துக்காகச் சென்னை வரை

வேகம் காட்டும் முள் எந்த நாளில் படுத்தது என்று எனக்கே தெரியாது. வண்டி அப்பா விட்டுச்சென்ற யமஹா ஆர்எக்ஸ் 100. 1995இல் பதிவானது. அந்த வண்டியில் மீட்டரைப் பார்த்தா வேகம் தெரிந்துகொள்கிறோம்? நான்காவது கியரில் சைலன்சர் போடும் சத்தமே சொல்லிவிடும். அதனால் முள் சுழியத்திலேயே கிடந்ததை நான் கவனிக்கவில்லை. மோட்டார் வாகன ஆய்வாளர்தான் கவனித்தார்.

பதிவுச் சான்றைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். முதல் 15 ஆண்டு கழிந்த வண்டிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் வேலை. விண்ணப்பம், காப்பீடு, புகைச் சான்று எல்லாம் கையில் இருந்தன. ஆய்வாளர் தானே ஏறி மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டர் ஓடவில்லையே" என்றார். "பழைய வண்டி சார்" என்று இழுத்தேன். "பழைய வண்டி என்பதால்தானே பார்க்கிறோம்" என்று தாள்களை என் கையில் திணித்தார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஸ்பீடோமீட்டர் இருந்தாக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனியாக ஒரு விதியே இருக்கிறது, 117ஆவது விதி. அரை நாள் விடுப்பு போனதுதான் மிச்சம்.

அன்றைக்கே வழக்கமான பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் வண்டியைத் தொடாமலே "கேபிள் அறுந்திருக்கும்" என்றார். புதுக் கேபிள் 180 ரூபாய், மாட்டுக்கூலி 50. மாட்டினார். முள் அசையவில்லை. "அப்படியானால் மீட்டர் போய்விட்டது" என்று அடுத்த தீர்ப்பு வந்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "உள்ளே இறுகியிருக்கும், இளகட்டும்" என்று மீட்டரின் அடித்துளைக்குள் ஆயிலை இரண்டு முறை பீய்ச்சினார். அந்த இரண்டு பீய்ச்சுக்கு நான் பின்னால் ஒரு முழு மாலையைச் செலவிட வேண்டியிருந்தது. மீட்டருக்குள் யாராவது ஆயில் விடப் போனால் தயங்காமல் கையைப் பிடித்துத் தடுங்கள்.

கழற்றிய பழைய கேபிளை வீட்டுக்குக் கொண்டுவந்து உள்கம்பியை உருவிப் பார்த்தேன். எங்கும் அறுபடவில்லை, முனைகளின் சதுரம்கூட மழுங்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மீட்டர்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு, சனிக்கிழமை விடிகாலை சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996இலேயே நின்றுவிட்டது. புது மீட்டர் என்று விற்பதில் பெரும்பாலானவை யாரோ அச்சடித்த நகல்கள். எழும்பூரை ஒட்டிய பழைய வண்டிப் பாகச் சந்தையான புதுப்பேட்டையில் கழற்றிய மீட்டர் கிடைக்கும் என்று நண்பர் சொல்லியிருந்தார். கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து எழும்பூர் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஐந்தாவது கடையில் ஒன்று அகப்பட்டது. கண்ணாடியில் கீறல் இல்லை. 1,100 ரூபாய், ரசீது கிடையாது. ஓடிய தூரம் 21 ஆயிரத்துச் சொச்சம் என்று காட்டியது. என் வண்டியில் இருந்தது 63,408. அதில் முக்கால்வாசி அப்பா ஓட்டியது. அந்த எண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வேறு யாருடைய கணக்கையோ மாட்டிக்கொண்டு திரிய வேண்டுமே என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மனது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மாட்டினேன். தெருக்கோடிவரை ஓட்டினேன். முள் சுழியத்தில்.

கடைக்குத் தொலைபேசியில் பேசினால், "எலக்ட்ரிக்கல் சாமானைத் திரும்ப எடுப்பதில்லை" என்று பதில். அந்த மீட்டரில் மின்சாரத்துக்கு இருக்கும் ஒரே வேலை பல்பை எரிப்பதுதான். பட்டறைக்காரரோ "சென்னைக்காரன் ஏமாற்றிவிட்டான், இன்னொன்று பாருங்கள்" என்றார். இன்னொன்றாம்!

காப்பாற்றியவர் எங்கள் தெருவுக்குப் பின்னால் முன்பு பட்டறை வைத்திருந்த பெரியவர். கண் பார்வை குறைந்ததால் இப்போது மகனின் ஹார்டுவேர் கடையில் கல்லாவில் உட்காருகிறார். ஆணி வாங்கப் போனவன் புலம்பிவிட்டேன். அவர் கேட்டது இரண்டே கேள்விகள்.

"கிலோமீட்டர் எண் நகருகிறதா தம்பி?"

"இல்லை ஐயா, அதுவும் நின்றுவிட்டது."

"முன் சக்கரத்தைக் கடைசியாகக் கழற்றியது யார்?"

பொங்கல் சமயத்தில் புறவழிச்சாலையோரம் ஒரு பஞ்சர் கடையில் கழற்றியிருந்தார்கள். அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "மீட்டரை ஏன் நோண்டுகிறீர்கள்? சக்கரத்தைப் பிரியுங்கள்."

அவர் சொன்ன கணக்கு எளியது. முன் சக்கரம் சுழலும்போது, சக்கரத்தின் நடுவை மூடியிருக்கும் பிரேக் பிளேட்டுக்குள் உள்ள பல்சக்கரமும், திருகாணி போன்ற வார்மும் கேபிளின் உள்கம்பியைச் சுழற்றுகின்றன. கம்பி மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்துக்கும் முள்ளுக்கும் நடுவில் நேரான பிணைப்பே இல்லை. காந்தம் சுழல்வதால் அதைச் சுற்றி நிற்கும் அலுமினியக் கிண்ணத்தில் மின்னோட்டம் உண்டாகிறது, அந்த இழுப்பில் கிண்ணம் திரும்ப முயல்கிறது, மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்துகிறது. கிண்ணத்தோடு சேர்ந்த முள் அந்த அளவுக்கு எழும்புகிறது. ஆனால் கிலோமீட்டர் எண்கள் அப்படியல்ல, அவை காந்தத்தின் தண்டிலிருந்து நேராகப் பல்சக்கரங்களால் ஓடுகின்றன. ஆகவே எண் ஓடி முள் மட்டும் படுத்திருந்தால் மீட்டரைச் சந்தேகிக்கலாம். இரண்டும் ஒன்றாக நின்றால் மீட்டருக்குச் சுழற்சியே வந்து சேரவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இந்த அடையாளம் மூன்று வாரமாக என் கண்ணெதிரே இருந்தது.

இதைச் சோதிக்க ஒரு ரூபாய் செலவில்லை. கேபிளை மீட்டர் பக்கம் மட்டும் கழற்றி, முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டு, உள்கம்பியின் முனை சுழல்கிறதா என்று பார்த்தால் போதும். என்னுடையது சுழலவில்லை. கம்பி முழுதாக இருக்கிறது, சுழலவும் இல்லை என்றால் கோளாறு சக்கரத்தில்தான்.

சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் பிளேட்டின் நடுவில் வளையம் போல ஒரு தகரத் துண்டு இருக்கும், இரண்டு காதுகளோடு. அந்தக் காதுகள் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் உள்ள இரண்டு பள்ளங்களில் உட்கார்ந்தால்தான் சக்கரத்தோடு பல்சக்கரமும் சேர்ந்து சுற்றும். பஞ்சர் கடையில் காதுகளைப் பள்ளத்தில் உட்கார வைக்காமலே ஆக்சில் நட்டை இறுக்கியிருக்கிறார்கள். இரண்டு காதும் அப்பளமாக நசுங்கிக் கிடந்தன. குறடால் நிமிர்த்தப் பார்த்தேன், ஒன்று ஒடிந்து கையோடு வந்தது. புதுத் துண்டின் விலை 40 ரூபாய், எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைத்தது. முதலில் கொடுத்தது வேறு மாடலுடையது, வளையம் பெரிது. பழையதைக் கையில் எடுத்துப் போயிருந்ததால் தப்பித்தேன். வார்ம், பல்சக்கரம் வாங்குகிறவர்களும் பல்லை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பல் எண்ணிக்கை மாறினால் மீட்டர் ஓடும், ஆனால் பொய் சொல்லும்.

உள்ளே பழைய கிரீஸ் தார் போல இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸைக் கொஞ்சமாக வைத்தேன். அள்ளி அப்பினால் அது பிரேக் ஷூவில் இறங்கும், பிறகு பிரேக் பிடிக்காது. கேபிளுக்கும் ஓர் அளவு உண்டு. உள்கம்பியின் கீழ்ப்பகுதிக்குப் பூசிவிட்டு, மீட்டர் பக்கம் ஒரு சாண் அளவுக்கு வெறுமையாக விட்டுவிட வேண்டும். சுழலும் கம்பி திருகாணி போலக் கிரீஸை மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்விடும்.

திரும்ப மாட்டும்போது பிரேக் பிளேட்டைக் கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால், காதுகள் 'டக்' என்று பள்ளத்தில் இறங்குவது விரலுக்குத் தெரியும். அதற்கு முன் ஆக்சிலை இறுக்காதீர்கள். இன்னொன்று மீட்டரைவிட முக்கியம். பிரேக் பிளேட்டில் உள்ள வெட்டு, ஃபோர்க் காலில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். மாட்டாமல் ஓட்டினால், பிரேக் பிடிக்கிற நேரத்தில் பிளேட்டே சக்கரத்தோடு சுற்றி உங்களைத் தூக்கி எறியும். பஞ்சர் கடை ஆசாமி அதையாவது சரியாக மாட்டியிருந்தார், அந்த வகையில் அவருக்கு நன்றி.

சக்கரத்தைச் சுற்றினேன். கம்பி முனை சுழன்றது. நள்ளிரவில் வராந்தாவில் தனியாக நின்று கைதட்டியதை மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

புதுப்பேட்டை மீட்டர் உடனே வேலை செய்தது. ஆனால் எனக்கு அப்பாவின் 63,408 வேண்டும். பழையதை மாட்டினால் முள் 40இல் ஏறி அங்கேயே ஒட்டிக்கொண்டது. பட்டறையில் பீய்ச்சிய ஆயில்! ஞாயிற்றுக்கிழமை மாலை மீட்டரின் விளிம்பு வளையத்தைச் சின்னத் திருப்புளியால் இம்மி இம்மியாக நெம்பி எடுத்தேன். அவசரப்பட்டால் வளையம் கோணும், கண்ணாடி விரியும். முள்ளைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் பழைய இடத்தில் உட்கார வைக்கத் தனிக் கை வேண்டும். பக்கவாட்டு இடுக்கு வழியாக, மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனரை அடித்து, காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் படிந்திருந்த பிசுக்கைக் கரைத்து, துணியால் ஒற்றி எடுத்தேன். சுருள்வில் பக்கம் போகவே இல்லை.

வண்டியில் மாட்டுவதற்கு முன் டிரில்லில் சோதித்தேன். பழைய கேபிளின் உள்கம்பியில் ஒரு துண்டை வெட்டி, டிரில்லில் பிடித்து, மறுமுனையை மீட்டரின் அடியில் செருகினேன். சுழலும் திசை தவறினால் முள் சுழியத்துக்குக் கீழே முட்டும், உடனே டிரில்லின் திசையை மாற்றிவிடுங்கள். ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் பொதுவாகக் கேபிள் நிமிடத்துக்கு 1,400 சுற்று சுற்றினால் மீட்டர் 60 காட்ட வேண்டும். என் டிரில்லின் உச்சம் 1,300 சுற்று. கணக்குப்படி 56க்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். முள் 55ஐத் தாண்டி நின்றது. பக்கத்தில் கடைசி எண் 63,408இலிருந்து 9க்கு உருள ஆரம்பித்தது. அப்பாவின் வண்டி மேசைமேலேயே ஒரு கிலோமீட்டர் ஓடிவிடும் போலிருந்ததால் டிரில்லை நிறுத்தினேன்.

ஆய்வு இரண்டாம் முறை பத்து நிமிடத்தில் முடிந்தது. 180, 50, 1,100, பஸ் கட்டணம், இரண்டு நாள் விடுப்பு, கடைசியில் 40. புதுப்பேட்டை மீட்டர் அலமாரியில் இருக்கிறது. மகன் அதன் அடித்துளையில் உள்கம்பித் துண்டைச் செருகி விரலால் சுழற்றி, முள் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். போன வாரம் மறுபடியும் முன் சக்கரம் பஞ்சர். கடைக்காரர் "டீ குடித்துவிட்டு வாருங்கள் சார்" என்றார். நான் நகரவில்லை.