மெட்டுக்கு எழுதி, தாமே மேடையில் பாடுகிறவர்களுக்கு

தம் பாட்டைத் தாமே எழுதிப் பாடுகிறவர்கள், வரிகளை முடிவு செய்வதற்கு முன் அவற்றை நின்றுகொண்டு முழுக் குரலில் பாடிப் பார்த்துவிட வேண்டும். மேல்ஸ்தாயியில் நீட்ட வேண்டிய இடத்தில் 'வானம்' என்று எழுதினால் ஆகாரம் வாயைத் திறந்து கொடுக்கும். அங்கேயே 'விண்' என்று எழுதினால் குறிலை நீட்ட வழியில்லை, மீறி நீட்டினால் கேட்பவர் காதில் அது 'வீண்' என்றுதான் விழும். சொல் வரத் தாமதமானால் பொருளற்ற அசைகளால் ஆன தத்தகாரத்தையே பாடிக் கைபேசியில் பதிந்து வையுங்கள். 'தன்னானே' என்று பாடும்போது வாய் தானாகத் தேடிப்போகும் உயிரோசைகள், பெரும்பாலும் பொருத்தமான சொல்லின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

வீட்டில் இரண்டு கட்டைச் சுருதியில் எளிதாக வந்த பாட்டு, நீண்ட நிகழ்ச்சியின் இறுதியில் எட்டாமல் போகலாம் என்பதால், ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிக்கொள்வதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்கில் பலர் முணுமுணுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பாட்டின் மிக உரத்த பகுதியை அல்லவா அங்கே பாட வேண்டும்? மேடையில் பாடகரை நோக்கி வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கியில் தன் குரல் கேட்காதவர் கத்தத் தொடங்குவார், சுருதியும் விலகும். சரணத்தில் வரி மறந்துபோனால் பல்லவிக்குத் திரும்பிவிடலாம். அதற்கான சைகையைப் பக்கவாத்தியக்காரர்களிடம் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும்.