கணினியில் செவ்வியல் இசை வானொலி: இரைச்சலைத் தேடிப் பிடித்த அனுபவம்

இரவில் வேலை முடிந்ததும் கணினியில் மேற்கத்தியச் செவ்வியல் இசை வானொலியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாவது கேட்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். பழைய கணினி பழுதாகிப் புதிய மடிக்கணினிக்கு மாறிய நாளிலிருந்து, அதே நிலையம், அதே ஒலிபெருக்கி என்று எல்லாம் இருந்தும், கேட்பதில் ஏதோ குறைந்துவிட்டது. "சத்தம் சரியில்லை" என்பதற்கு மேல் எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததால் முதல் இரண்டு வாரங்களும் இணைய இணைப்பின் மேல் பழிபோட்டே கழிந்தன. ரௌட்டரை அணைத்துப் போட்டேன், இடம் மாற்றி வைத்தேன், வேகத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தேன். நொடிக்கு 40 மெகாபிட் வரும் இணைப்பில், உயர்தரமான 320 கிலோபிட் ஒலிபரப்பே நூறில் ஒரு பங்கைக்கூடக் கேட்பதில்லை என்ற எளிய கணக்கு அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் பியானோவின் மெதுவான பகுதி ஒன்று வந்துகொண்டிருந்தபோது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காதில் விழுவதைத் தாளில் எழுதத் தொடங்கினேன். தேடல் உண்மையில் அன்றுதான் தொடங்கியது. ஓங்கி அடித்த ஒரு சுரக்கூட்டின் கார்வை மெல்லத் தேய்ந்தது. அது அமைதியில் கரைய வேண்டிய இடத்தில், யாரோ கதவைத் திறந்ததுபோல 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மேலெழுந்தது. அடுத்த சுரம் விழுந்ததும் அந்த இரைச்சல் சட்டென்று உள்ளே போனது. இடையிடையே, விரல் நகத்தால் மேசையைத் தட்டியதுபோல ஒரு 'டிக்'. பகுதி முடிந்து கைதட்டல் எழுந்தபோது, அது கைதட்டலாக இல்லாமல் நீருக்கடியில் கூழாங்கற்கள் உரசுவதுபோலக் குழைந்து கேட்டது. ஒரே கோளாறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகே புரிந்தது. தாளமும் இரைச்சலும் இடைவிடாமல் நிரம்பிய இசையில் இவை மூன்றுமே மறைந்துபோயிருக்கும்; அமைதியையும் இசையின் பகுதியாகக் கொண்ட செவ்வியல் இசையில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அடுத்து நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் பயனுள்ள சோதனை. குறுந்தகட்டிலிருந்து சுருக்காமல் எடுத்து வைத்திருந்த ஒரு கோப்பை, வானொலியை முழுவதும் மூடிவிட்டு, அதே கணினியில் ஓடவிட்டேன். 'டிக்' வந்தது. அமைதியில் எழும் இரைச்சலும் வந்தது. குழைந்த கைதட்டல் மட்டும் வரவில்லை. ஆகவே முதல் இரண்டும் கணினிக்குள் பிறப்பவை, மூன்றாவது மட்டுமே ஒலிபரப்போடு வருவது.

மூன்றாவதைத் தீர்ப்பது எளிதாக இருந்தது. நிலையம் தரும் 'எம்3யு' கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்தால் உண்மையான ஒலிபரப்பு முகவரி தெரியும். அந்த முகவரியை விஎல்சி என்ற இசை இயக்கும் மென்பொருளில் கொடுத்து, கண்ட்ரோல், ஜே ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்திப் பார்த்தபோது, நான் கேட்டுக்கொண்டிருந்தது 48 கிலோபிட் ஒலிபரப்பு, ஏஏசி பிளஸ் வகை என்று தெரிந்தது. இந்த வகையில் உயர் அதிர்வெண்கள் முழுமையாக அனுப்பப்படுவதில்லை. கீழ்ப்பகுதியின் ஒலியை நகலெடுத்து, சில குறிப்புகளின் துணையோடு மேற்பகுதியை நம் கணினியே கட்டி எழுப்புகிறது. பேச்சுக்கும், குறைந்த தரவில் கேட்க வேண்டியவர்களுக்கும் இது நல்ல ஏற்பாடு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் வில் தந்தியில் உரசும் மணல் போன்ற ஒலியும், பியானோவுக்கு முந்தைய விசைக்கருவியான ஹார்ப்சிகார்டின் மீட்டலும், கைதட்டலும் இப்படிக் கட்டி எழுப்ப முடியாதவை. அதே நிலையம் 192 கிலோபிட் எம்பி3 ஒலிபரப்பையும் தருகிறது. அதன் இணைப்பு பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அதற்கு மாறியதும் கைதட்டல் கைதட்டலானது. செவ்வியல் இசைக்கு இதைவிட உயர்ந்த தரமும் கிடைக்கிறது: பிபிசி ரேடியோ 3 நிலையம் 2010-லேயே 320 கிலோபிட் ஏஏசி ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. நிலையத்தின் முதல் பொத்தானை அழுத்திவிட்டு அதுதான் அவர்களுடைய தரம் என்று முடிவுகட்டுவது அந்த நிலையத்துக்கும் இசைக்கும் செய்யும் அநீதி என்றே இப்போது நினைக்கிறேன்.

அமைதியில் எழும் இரைச்சலுக்குக் காரணம், ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி. மெல்லிய இடங்களை உயர்த்தி, ஓங்கிய இடங்களை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. திரைப்பட வசனத்துக்கு உதவும் அந்த வசதி, கார்வை தேயத் தேய ஒலிப்பதிவின் அடியில் கிடக்கும் இரைச்சலைத் தூக்கிவிடுகிறது. விண்டோஸின் ஒலி அமைப்புகளில் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்ற இடத்தில் அதை அணைத்தேன். எந்த மாற்றமும் இல்லை. கணினியோடு சேர்ந்தே வந்த தனி ஒலி மென்பொருள் ஒன்று அதே வேலையை 'இசை முறை' என்ற பெயரில் செய்துகொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க இன்னும் மூன்று நாளானது. அதையும் அணைத்த இரவில், பியானோவின் கடைசிச் சுரம் தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போனதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

என்னை அதிகம் அலைக்கழித்தது 'டிக்' தான். விஎல்சி-யில் இணையச் சேமிப்பு நேரத்தை, அதாவது இசையை முன்கூட்டியே எடுத்துவைக்கும் நேரத்தை, 1000 மில்லிநொடியிலிருந்து 5000 ஆக உயர்த்தினேன்; பயனில்லை. இணையம் தடுமாறினால் இசை ஓரிரு நொடி முழுவதும் நின்றுதான் திரும்பும், 'டிக்' என்று கேட்காது என்பதைப் பிறகு அறிந்தேன். வைஃபையை விட்டுக் கம்பி வழி இணைப்புக்கு மாறியபோது குறைந்ததுபோல் தோன்றியது, ஆனால் ஒழியவில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணியதில், ஏறத்தாழ ஒரே சீரான இடைவெளியில் அது வருவது தெரிந்தது. சீராக வருவது தற்செயலாக இருக்க முடியாது. லேட்டன்சிமான் என்ற கருவியை ஓடவிட்டுப் பார்த்ததில், வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர் அவ்வப்போது கணினியின் மையச் செயலியை நெடுநேரம் பிடித்துவைத்துக்கொள்வது தெரிந்தது. ஒலிக்கருவிக்குச் சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை தரவு போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை தாமதித்தாலும் அந்த இடைவெளி 'டிக்' என்று கேட்கும். கம்பியைச் செருகிய பின்னும் வைஃபை அட்டை அருகிலுள்ள இணைப்புகளைத் தேடிக்கொண்டேதான் இருந்தது. வைஃபையை முழுவதும் அணைத்து, சேமித்த கோப்பை அரை மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு 'டிக்' கூட இல்லை. புதிய டிரைவரை நிறுவிய பிறகு வைஃபையோடும் அப்படியே இருக்கிறது. இரண்டு வாரம் இணையத்தைச் சந்தேகித்தது முழுத் தவறுமல்ல போலும். குற்றவாளி அந்தப் பக்கத்தில்தான் நின்றான், ஆனால் செய்த குற்றம் வேறு.

இடையில் செய்த வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒலிக்கருவியின் மாதிரி வீதத்தை (ஒலியை நொடிக்கு எத்தனை துண்டுகளாகக் கையாள்கிறது என்ற எண்ணை) ஒலிபரப்புக்கு இசைவாக 48,000-லிருந்து 44,100 ஹெர்ட்ஸாக மாற்றினேன்; என் காதுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஒரு நாள் புளூடூத் ஹெட்போனில் முழு இசைக்குழுவும் தொலைபேசிக்குள் இருந்து வாசிப்பதுபோலக் கேட்டது. கூட்டம் ஒன்றுக்காகத் திறந்த பக்கம் மைக்கைப் பிடித்துவைத்திருந்ததால், ஹெட்போன் பேச்சு முறைக்கு இறங்கியிருந்தது. பக்கத்தை மூடியதும் சரியானது.

கடைசியாக மிஞ்சியது ஒரு முணுமுணுப்பு. இவ்வளவையும் நீக்கிய பிறகுதான், அது எப்போதும் அடியில் இருந்திருக்கிறது என்பதே தெரிந்தது. கணினியை ஒலிபெருக்கியோடு இணைத்துக் கேட்கும்போது மட்டும் 'ம்ம்' என்று தாழ்ந்த குரலில் ஒலிக்கும், ஹெட்போனில் இல்லை. சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றது. செருகினேன், வந்தது. சார்ஜரும் ஒலிபெருக்கியும் தனித்தனியே மின் இணைப்பின் நிலத்தொடர்பை (எர்த்) பெறுவதால் கம்பி வழியே உருவாகும் சுற்றுதான் காரணம். மின்தொடர்பே இல்லாத ஒளியிழைக் கம்பியால் இணைத்தால் இந்தச் சுற்று அறுந்துவிடும். அதற்கான வெளியீடு கொண்ட சிறு யூஎஸ்பி ஒலிக்கருவி ஒன்றை வாங்க இருக்கிறேன். அதுவரை மாலையிலேயே மின்கலத்தை முழுவதும் ஏற்றிவைத்து, இரவில் சார்ஜர் இல்லாமல் கேட்கிறேன்.