நீலம் ஏறாத செல்கள்

செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நான் அதிகம் செய்த வேலை எண்ணுவதுதான். பிளாஸ்கின் தரையில் ஒட்டி வளரும் செல்களை டிரிப்சின் என்ற நொதி விட்டுக் கழற்ற வேண்டும். அந்தக் கலங்கலில் ஒரு சொட்டு எடுத்து, சம அளவு டிரிப்பான் ப்ளூ சாயம் சேர்த்து, கோடு போட்ட கண்ணாடித் தட்டில் விட்டு மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும். விளிம்பு மின்ன, முத்துப் போல உருண்டிருப்பது உயிருள்ள செல். நீலம் ஏறிக் கிடப்பது செத்த செல். தட்டின் மூலைக் கட்டம் ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் அகலம். மேலே நிற்கும் திரவத்தின் ஆழம் 0.1 மில்லிமீட்டர். நான்கு கட்டங்களின் சராசரியை 10,000 ஆல் பெருக்கி, சாயம் கலந்ததற்காக இன்னொரு 2 ஆல் பெருக்கினால், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை செல் என்று வந்துவிடும்.

கணக்கு ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்தச் சாயம் எதை வைத்து உயிரையும் சாவையும் பிரிக்கிறது என்று முதல் வருடம் முழுக்க நான் யோசிக்கவே இல்லை.

ஒரு நாள் சாயம் கலந்து தட்டில் விட்ட நேரம், பக்கத்து அறை இன்குபேட்டரில் அலாரம் அடித்தது. போய்ப் பார்த்து, சிலிண்டர் மாற்றிவிட்டுத் திரும்ப அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் நீலம். ஆறு வாரமாக வளர்த்து வந்த செல்கள். கை நடுங்கியது. அழித்துவிடலாம் என்று ப்ளீச் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு, பிரிவின் மூத்த ஆய்வாளரிடம் போய், "மேடம், எல்லாம் போச்சு" என்றேன்.

அவர் எழுந்து வந்து மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தார்.

"சாயம் கலந்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

சொன்னேன்.

"அவ்வளவு நேரம் விட்டா நல்லா இருக்கறதும் நீலமாயிடும். புதுசா ஒரு சொட்டு எடுங்க. மூணு நிமிஷத்துக்குள்ள எண்ணிடுங்க."

எண்ணினேன். 94 சதவீதம் உயிரோடு இருந்தன. டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணியைக் கொல்லும் என்பதால்தான் அந்தச் சாயத்துக்கே டிரிப்பான் என்று பெயர். அதில் ஊறவிட்டால் எந்தச் செல்லும் அதிக நேரம் தாங்காது. ப்ளீச் பாட்டில் மேஜை மேல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபடி அவர் கேட்டார்: "முதல்ல நீலம் ஏன் உள்ள போகலைன்னு யோசிச்சிருக்கீங்களா?"

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் செல்லை நான் ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

நீலத்தைத் தடுப்பது செல் சவ்வு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, வால்களை உள்பக்கம் ஒளித்துக்கொண்டு நிற்கும் ஒரு படலம். அதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். 2,00,000 சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் 1 மில்லிமீட்டர் வரும். இவ்வளவு மெல்லிய ஒன்று வெறும் சுவராக இருந்தால் நிற்காது. அதற்குள் புரதங்கள் வாசலாகவும் பம்பாகவும் பதிந்திருக்கின்றன. அவற்றில் சோடியம் பம்பு ஒன்றுதான் என்னை அதிகம் வியக்க வைத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியம் அயனியை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுக்கும். சுற்றுக்கு ஒரு ஏடிபி, அதாவது செல் ஆற்றலுக்குச் செலவழிக்கும் மூலக்கூறு ஒன்று, செலவு. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ நண்டின் நரம்புகளில் ஆராய்ந்து 1957இல் இதை வெளியிட்டார்; 1997இல் நோபல் பரிசு பெற்றார். விலங்குச் செல் ஒன்று தன் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு வேலைக்கே செலவழிக்கிறது. பம்பு நின்றால் சோடியம் உள்ளே கசியும், அதன் பின்னாலேயே தண்ணீர் போகும், செல் வீங்கும். குளிரில் வைத்த ரத்தத்தில் நாளாக நாளாகப் பொட்டாசியம் வெளியே சேர்வதும் இதனால்தான். குளிரில் பம்பு மந்தமாகிவிடுகிறது, கசிவு மட்டும் தொடர்கிறது.

ஆக, தட்டில் மின்னும் ஒவ்வொரு செல்லும் அந்த நிமிஷம் வரை தன் வாசலுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எண்ணும்போது என் பார்வையே மாறிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த செல் ஒரு வட்டம். நடுவே உட்கரு, ஓரத்தில் அவரை விதை போல நாலைந்து மைட்டோகாண்ட்ரியா, மிச்சமெல்லாம் காலி இடம். அந்தப் படத்தை நம்பித்தான் வேலைக்கு வந்தேன். உயிருள்ள செல்லில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு மட்டும் ஒளிரும் சாயம் ஏற்றி முதன்முதலாகப் பார்த்தபோது திரையில் அவரை விதையே இல்லை. நீள நீளமான இழைகள். நெளிகின்றன, இரண்டு இழை முட்டி ஒன்றாகின்றன, ஒன்று நடுவில் துண்டாகி இரண்டாகிறது. பழைய எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களில் செல்லை மிக மெல்லிய சீவலாக அறுத்துத்தான் பார்க்க முடியும். வளைந்து கிடக்கும் கயிற்றைக் குறுக்கே அறுத்தால் துண்டு எப்படித் தெரியும்? விதை போலத்தான். காலி இடமும் அப்படித்தான். அங்கே புரதங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம். படத்தில் வெள்ளையாக விட்ட இடத்தில்தான் செல்லின் பாதி வேலை நடக்கிறது. பாடப்படத்தை நான் குறை சொல்லவில்லை, பெயர்களைக் கற்க அது வேண்டும். ஆனால் அதோடு ஓடும் ஒரு வீடியோவையாவது மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

செல் பிரிவதைக் கண்ணால் பார்ப்பது இந்த வேலை தந்த பெரிய பாக்கியம். தரையில் படர்ந்து கிடக்கும் செல் ஒன்று மெல்லக் கால்களை இழுத்துக்கொண்டு உருண்டையாகும். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்து "செத்துப்போச்சு" என்று எழுதிவிடுவார்கள். பொறுத்துப் பார்த்தால் உருண்டையின் நடுவே ஒரு கருப்புப் பட்டை தெரியும். குரோமோசோம்கள் அணிவகுத்து நிற்கும் நேரம் அது. மனிதச் செல்லில் நீட்டிப் போட்டால் 2 மீட்டர் வரும் டிஎன்ஏ, பிரதி எடுக்கப்பட்டு இரண்டு பங்காகி, அந்தப் பட்டைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பட்டை சட்டென்று இரண்டாகிப் பக்கத்துக்கு ஒன்றாக விலகும். இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியது போலச் செல் நடுவில் குறுகும். இரண்டு உருண்டைகள். அப்புறம் இரண்டும் கால் நீட்டித் தரையில் உட்காரும். தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு சனிக்கிழமை மதியம் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இதை முழுதாகப் பார்த்தேன். அத்தனை நேரமும் சவ்வு எங்கேயும் கிழியவில்லை. ஒன்று இரண்டாகும்போதும் வாசல் திறந்து கிடக்கவில்லை.

ராபர்ட் ஹூக் 1665இல் தக்கைச் சீவலில் அறைகளைப் பார்த்து செல் என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது குடியிருந்தவர் போன பிறகு நின்ற சுவர்களை. செல்லிலிருந்துதான் செல் வரும் என்பதை விர்ச்சோ 1855இல் அழுத்திச் சொல்வதற்குள் கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு ஓடிவிட்டது.

சாயப் பரிசோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. கெர், வைலி, கர்ரி என்ற மூவர் 1972இல் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்ட சாவு இருக்கிறதே, அதில் செல் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும். டிஎன்ஏ துண்டாகும், உடல் சுருங்கும், மேலே குமிழ் குமிழாகப் புடைக்கும். ஆனாலும் சவ்வு வெகுநேரம் மூடியே இருக்கும். உள்பக்கம் இருக்க வேண்டிய ஒரு கொழுப்பை மட்டும் வெளிப்பக்கம் திருப்பிக் காட்டும். உடம்புக்குள் என்றால் துப்புரவுச் செல்கள் அந்த அடையாளத்தைப் பார்த்து வந்து விழுங்கிவிடும். உள்ளே இருப்பது கொட்டிப் பக்கத்துச் செல்களைக் கெடுப்பதில்லை. இப்படிப் போய்க்கொண்டிருக்கும் செல்லை நம் சாயம் உயிருள்ளது என்றே காட்டும். அதனால் எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் குமிழ் தெரிகிறதா என்று பார்த்துக் குறித்து வைப்பேன்.

எனக்கு இன்றும் முழுதாகப் பிடிபடாதது உறைந்த செல்தான். பனியிலிருந்து செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தை 10 சதவீதம் சேர்த்து, நிமிஷத்துக்கு 1 டிகிரி வீதம் குளிரவைத்து, பிறகு −196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குகிறோம். வேகமாகக் குளிர்ந்தால் உள்ளேயே பனி ஊசிகள் வளர்ந்து சவ்வைக் குத்திவிடும். அந்தக் குளிரில் பம்பு ஓடாது. கசியவும் எதுவும் நகராது. கூலியும் இல்லை, திருட்டும் இல்லை. அதை உயிர் என்று சொல்வதா? வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறது.

போன வாரம், நான் சேர்ந்த வருடம் உறையவைத்த ஒரு குப்பியை எடுத்தோம். மூடியில் என் கையெழுத்து. புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்து, 37 டிகிரி தண்ணீரில் ஆட்டச் சொன்னேன். உறையவைப்பது நிதானமாக, உருக்குவது வேகமாக. கடைசித் துளிப் பனி மறைவதற்குள் எடுத்து, வெதுவெதுப்பான மீடியத்தில், அதாவது செல் வளரும் ஊட்டத் திரவத்தில், கலந்து, டிஎம்எஸ்ஓவை நீக்கி, எண்ணினோம். 168 பளிச்சென்று, 32 நீலம். பிளாஸ்கில் ஊற்றி இன்குபேட்டரில் வைத்தோம்.

மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே அவள் பிளாஸ்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்து லேசாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவை மீடியத்தோடு சேர்ந்து ஓடின. "மத்ததெல்லாம் நகரல சார்" என்றாள். குனிந்து பார்த்தேன். தரையைப் பிடித்துக்கொண்டு கால் நீட்டியிருந்தன.