குடம் நிற்கிற இடம்

எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் போனில் பதிவுசெய்த வில்லுப்பாட்டை நேற்று ஒன்பதாம் வகுப்பில் போட்டேன். பாட்டு தொடங்குமுன்பே நிறுத்திவிட்டேன். வார்த்தை வந்துவிட்டால் பிள்ளைகள் தாளத்தை விட்டுவிடுவார்கள். வீசுகோல் நாணில் விழ, வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும். அதற்கடியில் குடத்தின் 'தொம்... தொம்'. மூன்று தடவை கேட்டோம். அந்தத் தாளத்தில் ஒரு கவிதை எழுதச் சொன்னேன். 'இசை', 'இனிமை' இரண்டும் எழுதக்கூடாது என்றேன். அவை கவிதையைத் தூங்கவைக்கிற சொற்கள்.

"டீச்சர், குடத்துச் சத்தம் நிக்கிற இடத்துல என்ன எழுத?" என்றாள் ஒருத்தி.

"ஏட்டி, அங்கதான் வரிய முறிக்கணும்."

முக்கால் மணி நேரம் மல்லாடி எழுதினாள்:

தட்டில் இலை சுருளும் சத்தம்
அம்மா நிமிர்ந்தாள்
நின்றது

அவள் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். அந்த 'நின்றது' தனியே நிற்கிறதே, அது குடத்திடம் கற்றது. ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை.

வியாழக்கிழமை உடுக்கை.