டர்பனிலிருந்து குடும்பத்தோடு குரூகர்: எந்த மாதம்?

குழந்தைகளோடு தென்னாப்பிரிக்காவின் குரூகர் வனவிலங்குப் பூங்காவுக்குப் போவதென்றால் ஜூன்-ஜூலை பள்ளி விடுமுறைதான் என் தேர்வு. அப்போது அங்கே மழையில்லாத குளிர்காலம். புல் வாடித் தாழ்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீர் தேடி ஆற்றங்கரைக்கு வரும், காரில் இருந்தபடியே பார்க்கலாம். மலேரியா ஆபத்தும் கோடையைவிடக் குறைவு. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

நம் வீடுகளில் நாள்காட்டியையும் பார்க்கணும். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கிற வீட்டில் யாரும் ஊரை விட்டு நகர மாட்டார்கள். அதனால் விடுமுறையின் முதல் இரண்டு வாரத்துக்குள் போய் வந்துவிடுங்கள். செப்டம்பர் கடைசி விடுமுறை புரட்டாசியில் விழும். விரதம் இருப்பவர்களுக்கு வழிச் சாப்பாடு சிரமம். சமையலறையுள்ள குடிலாகப் பார்த்து எடுத்தால் சமாளிக்கலாம்.

பூங்கா விடுதிகளுக்கு 11 மாதம் முன்பே பதிவு திறக்கும். ஸ்குகூசா, லோயர் சாபி ஆகிய இரண்டு முகாம்களும் சீக்கிரம் நிரம்பிவிடும், காத்திருக்காதீர்கள்.

பலர் தவறவிடுவது வாயில் நேரத்தை. ஜூன், ஜூலையில் மாலை 5.30க்கு முகாம் வாயிலை அடைத்துவிடுவார்கள். உள்ளே தார்ச்சாலையில் வேக வரம்பு மணிக்கு 50 கி.மீ., மண்சாலையில் 40. யானைக்கூட்டம் குறுக்கே வந்தால் அரை மணி போய்விடும். டர்பனிலிருந்து ஒரே மூச்சில் ஓட்டாமல், முதல் இரவு பூங்காவுக்கு வெளியே தங்குவதே நல்லது. எஸ்வாட்டினி (முன்பு சுவாசிலாந்து) நாட்டு வழி போனால் பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட் வேண்டும். விடியற்காலைச் சவாரிக்குத் திறந்த வண்டி. ஆளுக்கொரு கம்பளி கட்டாயம்.