பதினாறும் பதினெட்டும்

பழைய மாணவர் சங்க மலர்க்குழுவினர் இம்முறை என்னிடம் கேட்டது கிரிக்கெற்றைப் பற்றி. சரி என்று தலையாட்டி, பழைய ஸ்கோர்களை நினைவுபடுத்திக்கொண்டிருந்த வேளையில்தான் எங்கள் வேதபாட மாஸ்ரர் அக்கினியர் காலமான செய்தி வட்ஸ்அப்பில் வந்தது. வயது 97. கிரிக்கெற் அடுத்த மலருக்கு இருக்கட்டும். அந்த அணியில் மிச்சமிருப்பவர்கள் கோபிக்கமாட்டார்கள், கோபிக்கிற அளவுக்கு ஆட்களும் இல்லை.

அவருடைய சொந்தப் பெயரை எழுதினால் நம் காலத்தவர்களுக்கு ஆளை மட்டுப்பிடிக்க நேரமெடுக்கும். அக்கினியர் என்றால் போதும். வெள்ளிக்கிழமை முதல் பாடம், வேதபாடம். வெள்ளைக் காற்சட்டை, சைக்கிள் கிளிப் கழற்றாத வலது கால், மேசையில் வைத்தால் தானாகத் திறந்துகொள்ளும் அந்தக் கறுத்த வேதாகமம்.

வகுப்பில் அரைவாசிக்கு மேல் சைவப் பிள்ளைகள். சைவபாடம் படிப்பித்த பண்டிதர் ஓய்வுபெற்றுப் போய், புதிய ஆள் வருவார் வருவார் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். தகப்பனிடம் கையெழுத்து வாங்கி வந்தால் வேதபாட நேரத்தை நூலகத்தில் கழிக்கலாம் என்று விதி இருந்தது. நூலகத்தில் யார் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நாங்கள் எல்லாரும் ஒருவர் மிச்சமில்லாமல் வேதபாடமே படித்தோம்.

மண்டபச் சுவரில் நீல எழுத்தில் இருந்த யோவான் 3:16 உங்களுக்கும் மனப்பாடமாகத்தான் இருக்கும். தேவன் உலகத்தில் இவ்வளவாய் அன்புகூர்ந்தார். ஒவ்வொரு நாள் காலையும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். 1961இல் ஒரு வெள்ளிக்கிழமை, சுவரில் எழுதாத மிச்சத்தையும் வாசித்துப் பார்ப்போமென்று புத்தகத்தில் இரண்டு வசனம் கீழே இறங்கினேன். பதினெட்டாம் வசனம்: “விசுவாசியாதவனோ, தேவனுடைய ஒரேபேறான குமாரனுடைய நாமத்தில் விசுவாசமுள்ளவனாயிராதபடியினால், அவன் ஆக்கினைத்தீர்ப்புக்குட்பட்டாயிற்று.” உட்படுவான் என்றுகூட இல்லை. ‘உட்பட்டாயிற்று.’

கையை உயர்த்தினேன். “சேர், என்ரை அப்பாச்சி விசுவாசியாதவா. அவா எங்கை போவா?”

“வாங்கிலை ஏறி நிண்டு அந்த வசனத்தை வாசி.”

வாசித்தேன். சத்தம் காணாது என்றார். திரும்ப வாசித்தேன். பக்கத்து வகுப்புக்குக் கேட்கவேண்டும் என்றார். பக்கத்து வகுப்பில் என் மச்சான் இருந்தான்.

“நீ கேட்ட கேள்விக்கு நீயே பதில் வாசிச்சிட்டாய். இரு.”

இடைவேளைக்கு முன்பே எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. நரகத்தார். ரொறன்ரோவிலிருந்து இன்றைக்கும் ஒருவர் தொலைபேசி எடுத்தால் “என்ன நரகத்தார், சுகமோ?” என்றுதான் தொடங்குவார். பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு நான் இன்னும் விளக்கம் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய் அப்பாச்சியிடம் சொன்னேன். அவ பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா. கையை நிறுத்தவில்லை.

“ஆர், அந்தத் தபாற்கந்தோர்காரன்ரை மோனோ சொன்னவன்? தேப்பன் உத்தியோகத்துக்காக வேதத்துக்குப் போனவன். தாய் போகேல்லை. சாகுமட்டும் கந்தசட்டி பிடிச்சவள். தன்ரை தாயையும் சேர்த்தெல்லோ அனுப்பிப்போட்டான், விசரன்.”

பிறகு “நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம், நரகத்தில் இடர்ப்படோம்” என்று அப்பர் பாட்டை எடுத்தா. கிறிஸ்தவப் பிள்ளைகளைப் பற்றி அவவுக்கு எந்தக் கோபமும் இல்லை. “அதுகளும் அடுத்த பிறப்பிலை சைவமாய்ப் பிறக்குங்கள். நாள் வர வேணும்.” எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாக மாதொரு பாகனார் வருவார் என்று சிவஞான சித்தியார் சொல்வதை அவ படித்தவ இல்லை. ஆனால் மற்றவர்கள் எல்லாரும் கீழ்ப்படியில் நிற்கிறார்கள், மெல்ல மெல்ல எங்களிடம் ஏறி வருவார்கள் என்ற அந்தப் பெருந்தன்மை இரத்தத்தில் இருந்தது. அந்தப் பெருந்தன்மையை மறுபக்கத்திலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

எங்களிடமும் நரகத்துக்குப் பஞ்சமில்லை. கும்பீபாகம், ரௌரவம், கொதிக்கும் எண்ணெய். பாகவதம் 28 நரகங்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. சிவநிந்தை செய்தவனுக்கும் எங்கள் நரகத்தில் இடம் உண்டு. ஆனாலும் எங்களுடையது தவணை மறியல், கணக்குத் தீர்ந்தால் புழுவாகவேனும் திரும்பி வந்து பிறக்கலாம். அக்கினியருடையது ஆயுள் மறியல்.

அவருடைய தாயின் கதை ஊரில் மறைவான கதை அல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை, இப்போது மெல்போர்னில் இருக்கும் ஒரு நண்பர் எழுந்து, “அப்ப சேர், காந்தி?” என்று தொடங்கினார். “நாவலர்?” என்றார். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தை வசனம் வசனமாகத் தமிழாக்கிவிட்டுச் சைவராகவே வெளியே வந்த நாவலர். கேள்விப்படவில்லை என்று அவர் சாட்டுச் சொல்லவும் முடியாது. வகுப்பு சிரித்தது. அதன்பிறகு நண்பர் கேட்டார்: “அப்ப சேர், உங்கடை அம்மா?”

பிரம்பு வரும் என்று எல்லாரும் பார்த்தோம். அக்கினியர் புத்தகத்தை எடுக்கவில்லை. பதினெட்டாம் வசனத்தை மனப்பாடமாகச் சொன்னார். யாரையும் வாங்கில் ஏற்றவில்லை.

“எழுதியிருக்கிறது இதுதான். அவா செத்த நாள் தொடக்கம் நான் வேறை வசனம் தேடுறன். நீங்கள் ஆரும் கண்டுபிடிச்சால் வந்து சொல்லுங்கோ.”

பிறகு கரும்பலகையில் பவுலின் முதலாம் பயணத்தை வரைந்தார். சீப்புருத் தீவு கோணலாக வந்தது.

அதன்பிறகு அந்த வகுப்பு வேட்டைக்குப் போனதுபோல வேதாகமத்தைப் புரட்டியது. போர்டிங் பெடியள் இரவில் ரோர்ச் வைத்துப் படித்தார்கள். இரட்சணியத்துக்காக இல்லை, மாஸ்ரரை மடக்குவதற்காக. நான் 1 தீமோத்தேயு 2:4ஐக் கொண்டுபோனேன்: எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட தேவன் சித்தமுள்ளவராயிருக்கிறார். “சித்தம் எண்டுதானே இருக்கு. நடக்கும் எண்டு எங்கை இருக்கு?” இன்னொருவர் 1 கொரிந்தியர் 15:22: ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள். ‘எல்லாரும்’ என்று சொல்லும்போது அவர் குரலே உயர்ந்தது. அக்கினியர் சொன்னார்: “அடுத்த வசனத்தை வாசி.” அடுத்த வசனத்தில் ‘அவருடையவர்கள்’ என்று வேலி போட்டிருந்தது. அவர் ஏற்கெனவே எல்லாப் பக்கமும் போய்த் திரும்பியிருந்தார் என்பது எங்களுக்கு விளங்க வருடங்கள் சென்றன. மடக்கப்பட விரும்பிய ஒருவரை மடக்க முயன்றுகொண்டிருந்தோம்.

1968இல் பேராதனையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக உரிமை கேட்டுத் தாழ்த்தப்பட்ட சாதிச் சனம் வாசலில் நின்ற காலம். சந்தியில் அக்கினியர் சைக்கிளை நிறுத்தினார். “தம்பி, விசுவாசியாதவனை வெளியிலை விடுற கடவுளைப் பற்றிக் கேட்டனீ. விசுவாசிக்கிறவனையே வெளியிலை விடுற கோயிலைப் பற்றி என்ன சொல்லுறாய்?” தேவாலயத்தில் யார் யார் எந்த எந்த வாங்கில் இருந்தார்கள் என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். எனக்கு வாயில் வரவில்லை. அவர் பதிலுக்குக் காத்து நிற்கவுமில்லை.

1972இல் இலண்டன் வந்தேன். ஏன் வந்தோம் என்பதை இந்த மலரின் பழைய இதழ்களில் எல்லாரும் எழுதிவிட்டோம். சாறிங் குறொஸ் வீதியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் எவ். டி. மோறிஸ் எழுதிய இறையியல் கட்டுரைகளைக் கண்டேன். 1853இல் அந்தப் புத்தகம் எழுதியதற்காகத்தான் அவருக்கு இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர் வேலை போனது. நரக தண்டனைக்கு முடிவே இல்லை என்று அடித்துச் சொல்ல அவர் மறுத்தார். அவ்வளவுதான் குற்றம். புத்தகத்தைத் தபாலில் அக்கினியருக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து எயர்மெயிலில் பதில் வந்தது: “வாசித்தேன். நல்ல மனிதர். ஆனால் வசனம் அல்ல, வாதம். பலருக்கும் பயன்படட்டும் என்று யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.”

1981 யூன் 1 விடியும்போது அந்த நூலகமும் ஏறத்தாழ 97,000 நூல்களும் சாம்பல். அந்த வருடக் கடைசியில் அவர் எழுதினார்: “நித்திய அக்கினி இல்லை என்று எழுதிய உமது புத்தகமும் எரிந்துபோயிற்று. இத்தனை வருடம் அக்கினியைப் பற்றிப் படிப்பித்தேன், அதைக் கொளுத்துகிறவர்களைப் பற்றி ஒரு பாடமும் எடுக்கவில்லை.” தமக்கு நாங்கள் வைத்த பெயர் அவருக்குத் தெரியும் என்று அன்றுதான் சந்தேகம் வந்தது.

ஓய்வுபெற்ற பிறகு எனக்கு இன்னொன்று அகப்பட்டது. 1816 தொடக்கம் யாழ்ப்பாணத்துக்குப் பாதிரிமாரை அனுப்பிய அமெரிக்க மிஷன் சபையே 1886இல் எங்கள் எட்டாம் வகுப்புக் கேள்வியில் பிளவுபட்டு நின்றிருக்கிறது. சுவிசேஷம் கேட்காமல் செத்தவர்களுக்கு மரணத்தின் பின் ஒரு தவணை கிடைக்கக்கூடும் என்று நம்பிய இளைஞர்களை மிஷனரிகளாக அனுப்ப மறுத்தார்கள். அகமத்நகரில் ஊழியஞ்செய்த றொபேட் ஹியூம் விடுமுறையில் ஊர் போன இடத்தில் அந்தப் பக்கம் சாய்ந்து பேசினார். அவரை இந்தியாவுக்குத் திரும்ப விடுவதா என்றே இழுபறிப்பட்டு, பிறகுதான் விட்டார்கள். முன்னோர் எல்லாரும் எரிகிறார்கள் என்று அந்த முன்னோரின் பிள்ளைகளுக்கே போய்ச் சொல்லவேண்டியிருந்தவர் அவர். பொஸ்ரனில் இருந்து வாக்களித்தவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

அக்கினியர் என்னோடு ஒரேயொரு முறைதான் தாமாக ஒரு வசனத்தைத் தொடங்கினார். அப்பாச்சி செத்ததற்கு எழுதிய கடிதத்தில் மத்தேயு 25ஐ வாசிக்கச் சொல்லியிருந்தார். “அந்த அதிகாரத்தில் நியாயாதிபதி யாரையும் விசுவாசித்தாயா என்று கேட்கவில்லை. பசியாயிருந்தேன், போஜனங்கொடுத்தீர்கள், தாகமாயிருந்தேன், தாகத்தைத் தீர்த்தீர்கள் என்கிறார். இதுவும் யோவான் 3:18 இருக்கிற அதே புத்தகந்தான். இரண்டையும் பொருத்த எனக்குத் தெரியவில்லை. உம்முடைய அப்பாச்சி எங்கள் வீட்டுச் செத்தவீட்டுக்குச் சமைத்து அனுப்பியது எனக்கு ஞாபகம்.”

ஆறுதலான கடிதம். ஆனால் என்னால் முழுதாக ஆறுதல் கொள்ள முடியவில்லை. அப்பாச்சி தாகத்தைத் தீர்த்தவதான். பனை சீவ வருகிறவருக்குச் சிரட்டையில் தண்ணி வார்ப்பா, செம்பை அவர் கையில் கொடுக்கமாட்டா. சிரட்டையில் கொடுத்த தண்ணீர் அந்தக் கணக்கில் சேருமா? என்னை வாங்கில் ஏற்றிய கேள்வியைவிட இது பாரமானது. இதற்கு எந்தப் பாதிரியாரையும் எந்தப் பண்டிதரையும் குற்றஞ்சொல்ல முடியாது.

அதே அதிகாரம் ‘வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்கவந்தீர்கள்’ என்றும் சொல்கிறது. 1995 ஒக்ரோபர் 30இல் போருக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அக்கினியரும் அந்த மழையில் நடந்தார். எழுபது வயது. நான் பி.பி.சி. தமிழோசை கேட்டுக்கொண்டிருந்தேன். சங்கத்தால் காசு சேர்த்தோம், அனுப்பினோம், மலரில் படத்தோடு போட்டோம். வரச் சொல்லி அவர் ஒருபோதும் எழுதவில்லை. நாங்கள் எல்லாரும் போய்விட்டோம் என்று குறைப்பட்டும் எழுதவில்லை. ‘கண்டுபிடிச்சால் வந்து சொல்லுங்கோ’ என்று 1961இல் சொன்னதோடு சரி. நாங்கள் எல்லாவற்றையும் எழுதியே சொன்னோம்.

2019 சித்திரையில் போக ரிக்கற் போட்டிருந்தேன். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது, பிள்ளைகள் விடவில்லை. பிறகு கொரோனா. பிறகு அவருக்குக் காது கேளாமல் போய், தொலைபேசியில் மகள் இடையில் நின்று உரத்துச் சொல்லவேண்டியிருந்தது. அப்படி இன்னொருவர் வாயால் கேட்பிக்கக்கூடிய விஷயமல்ல என்னிடம் இருந்தது.

நான் கண்டுபிடித்து வைத்திருந்தது லூக்கா 16. ஐசுவரியவானும் லாசருவும். நரகத்தைப் பயமுறுத்திச் சொல்ல நம் மண்டபத்தில் எத்தனை முறை வாசித்த பகுதி அது! அக்கினிஜுவாலையில் கிடக்கிற அந்த ஐசுவரியவான் தனக்கு ஒரு துளி தண்ணீர் கேட்கிறான், கிடைக்கவில்லை. உடனே 27ஆம் 28ஆம் வசனங்களில் தன் ஐந்து சகோதரருக்காக மன்றாடுகிறான், அவர்களாவது இங்கே வராமலிருக்கட்டும் என்று. பாதாளத்தில் கிடக்கிற பாவிக்கே தன் வீட்டாரை மறக்க முடியவில்லை என்றால், பரலோகத்தில் இருக்கிற மாஸ்ரர் கந்தசட்டி பிடித்த தாயை மறந்துவிட்டு அங்கே எப்படி இருப்பார்? மறந்தால் நரகத்திலிருப்பவன் அவரைவிட நல்லவன். மறக்காவிட்டால் அது அவருக்கு என்ன பரலோகம்?

“அடுத்த வசனத்தை வாசி” என்றிருப்பார். தெரியும். 29ஆம் வசனத்தில் ஆபிரகாம் முடியாது என்கிறார். ஆனால் 30இல் அந்த மனுஷன் விடவில்லை. நெருப்புக்குள் நின்றுகொண்டு, தகப்பனாகிய ஆபிரகாமிடமே “அப்படியல்ல” என்று எதிர்த்துப் பேசுகிறான். அதுவரைக்கும் வாசித்துக் காட்டலாம் என்றுதான் இருந்தேன். 31ஐ வாசிக்கச் சொல்லுமுன் பாட மணி அடித்திருந்தால் போதும்.