மூட்டு வலிச் சீட்டோடு மனநலப் பிரிவுக்குப் போனபோது

வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், இடையில் ஃபோலிக் அமிலம், வீக்கம் கூடினால் ஸ்டீராய்டு மாத்திரையான பிரட்னிசலோன் என்று முடக்குவாதத்தோடு பல ஆண்டுகளாக வாழ்பவர்களுக்கு அந்த வாழ்க்கையை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கும் அது பழகிவிட்டது. பழகாதது, சென்ற மழைக்காலத்தில் தொடங்கிய வேறொன்று. மூட்டு வீக்கம் வடிந்த நாள்களிலும் எழுந்திருக்க மனம் வராது. விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு வந்து, கை முற்றிலும் முடங்கிவிட்டால் யார் சோறு ஊட்டுவார்கள் என்ற எண்ணம் நெஞ்சைப் படபடக்க வைக்கும். இதற்குச் சிகிச்சை பெறுவதற்குள் நான் பட்ட அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தடை மூட்டுநோய்ப் பிரிவிலேயே வந்தது. தூக்கமில்லை, பசியில்லை, அசதி தீரவில்லை என்று சொன்னபோது, "இந்த வியாதி இருந்தா அதெல்லாம் இருக்கத்தாம்மா செய்யும்" என்று சொல்லிவிட்டு, உடலின் அழற்சியை இரத்தத்தில் காட்டும் இ.எஸ்.ஆர். அளவு குறைந்திருப்பதைக் காட்டி மருத்துவர் அடுத்தவரை அழைத்துவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. அசதி, தூக்கக் கேடு, பசியின்மை மூன்றும் முடக்குவாதத்திலும் வரும், மனச்சோர்விலும் வரும்; ஆகவே மனச்சோர்வும் மூட்டு நோயின் கணக்கிலேயே எழுதப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் போகிறது.

மறு வாரம் நானே மனநலப் பிரிவுக்குப் போவதென்று முடிவு செய்து, அதே மருத்துவமனையின் சீட்டுப் பதியும் இடத்தில் வரிசையில் நின்றேன். முழங்கால் வலியோடு வெகுநேரம் நின்று அருகில் போனதும், அங்கிருந்த ஊழியர் என் பழைய சீட்டைப் புரட்டி, "மூட்டு வலின்னுதான் எழுதியிருக்கு, மனநோய் டாக்டரை எதுக்குப் பார்க்கணும்?" என்று பின்னால் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்டார். மூட்டுநோய் மருத்துவரின் பரிந்துரை வேண்டும் என்றார். மூட்டுநோய்ப் பிரிவோ அன்று இயங்கவில்லை. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போனதைவிட, அந்தக் குரலைக் கேட்டபின் மறுபடி அங்கே போக என் கணவருக்கே மனம் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

அன்றிரவு தொலைபேசி வழி மனநல உதவி தரும் டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழைத்தேன். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இலவசச் சேவை அது. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். மறுமுனையில் பேசிய பெண் அவசரப்படாமல் கேட்டார். மூட்டு வலிச் சீட்டைக் காட்டாமல், மனநலப் பிரிவுக்கென்று புதிதாக ஒரு புறநோயாளிச் சீட்டுக் கேளுங்கள் என்று அவர் சொன்ன ஒரு வரிதான் கதவைத் திறந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாகவே சொல்கிறது. இம்முறை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய்ப் புதுச் சீட்டுக் கேட்டேன், மறுபேச்சின்றிக் கிடைத்தது.

உள்ளே, கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார்கள். விரல் கணுக்கள் வீங்கிப் பேனா நழுவியதால், உளவியலாளர் தாமே தாளை வாங்கி, ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டி, நான் சொன்ன விடைக்கு நேராக வட்டமிட்டார். அசதியைப் பற்றிய கேள்வியில் அவர் அதிகம் நிற்கவில்லை. பிடித்த காரியங்களில் நாட்டம் போய்விட்டதா, வீட்டாருக்குப் பாரம் என்று தோன்றுகிறதா, இறந்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா என்பவற்றில்தான் நிறுத்தி நிதானமாகக் கேட்டார். வெறும் மூட்டு நோய் இந்த விடைகளைத் தராது என்று அவர் சொன்னபோது, என்னை நம்பும் ஒருவர் கிடைத்துவிட்டார் என்ற ஆறுதலில் அழுதுவிட்டேன்.

நீங்கள் போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் உறைகள் அனைத்தையும், வலிக்காகக் கடையில் வாங்குவது உட்பட, கையோடு கொண்டுபோங்கள். பிரட்னிசலோனே மனநிலையைக் குலைக்கக்கூடும் என்பதால், அதை எப்போது கூட்டினார்கள் என்று மனநல மருத்துவர் தேதி வாரியாகக் கேட்டார். அதற்காக அதைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். மனச்சோர்வுக்காக எனக்கு எழுதிய செர்ட்ராலின் மாத்திரை, நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுமாம். அதனால் என் வலி மாத்திரையை மாற்றினார். தைராய்டு குறைவும் இதே அறிகுறிகளைத் தரும் என்று இரத்தமும் எடுத்தார்கள். அது சரியாகவே இருந்தது.

தொடக்கத்தில் குமட்டலும் படபடப்பும் சற்றுக் கூடின. இரண்டு மூன்று வாரங்களுக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. இந்தக் கட்டத்தில்தான் பலரும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். அதன்பின் ஒரு நாள், கேட்பாரற்றுக் கிடந்த மல்லிகைத் தொட்டிக்கு யாரும் சொல்லாமலே தண்ணீர் ஊற்றினேன்.

சென்ற மாதம் மூட்டுநோய்ப் பிரிவில், என்னைத் திருப்பி அனுப்பிய அதே மருத்துவரிடம் மனநலச் சீட்டை நீட்டினேன். அவர் முழுவதையும் படித்துவிட்டு, மெத்தோட்ரெக்சேட்டுக்குக் கீழே செர்ட்ராலினையும் அளவோடு என் குறிப்பேட்டில் எழுதி, "தூக்கம் எப்படியிருக்கு?" என்று தாமாகவே கேட்டார். மனம் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மாத்திரையைத் தொடர வேண்டும் என்று மனநல மருத்துவர் சொல்லியிருப்பதால், இப்போதைக்கு இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே நாளில் தேதி வாங்கி வைத்திருக்கிறேன்.